கிறிஸ்துமஸ் பீர்

“ஓங்கி அடிங்க! தக்கை தளர்ந்தா பீர் கழுநீராப் போயிடும்.”

படுக்கையில் கிடந்தபடியே குன்வோர் கணவனை அதட்டினாள். தோர்கில்ஸ் மரச்சுத்தியலால் அடுத்த பாட்டிலின் தக்கையை அடித்து இறக்கினார்.

“இத்தனை பாட்டில் எதுக்குங்க?”

“கிறிஸ்துமஸுக்குத்தான். நீ ஆடுற ஆட்டத்துக்கு இதுவே பத்தாது.”

“பொய் சொல்லக்கூட உங்களுக்கு வரலையே! கிறிஸ்துமஸ் பீர்னா ருசி பார்க்க ஊரே உள்ள வந்து உக்காந்திருக்கும். இதுக்கு ஒருத்தரும் வரலை. ஜன்னலைத் தாண்டிப் போறவங்க தொப்பியைக் கழட்டிட்டுப் போறாங்க.”

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. சாவுக்கென்று முன்கூட்டியே காய்ச்சும் பீரை, அடக்கம் முடியும்வரை அக்கம்பக்கத்தார் தொடுவதில்லை.

“அன்னிக்கு எல்லாரும் குடிப்பீங்க, நான் பெட்டிக்குள்ள படுத்திருப்பேன். இப்பவே ஒண்ணைத் திறந்து எனக்கு ஒரு வாய் குடுங்களேன்.”