முன்னால் போன சின்னத் தேர்

தேரோட்டத்தன்று தெற்கு வீதி இறக்கத்தில் அம்மனின் பெரிய தேர் நின்றிருந்தது. இழுத்த ஆட்கள் நீர்மோர் குடிக்க ஒதுங்கியிருந்தார்கள். தேர் வடத்துக்கு மட்டும் ஒரு நிமிஷம் நிலைகொள்ளவில்லை. முன்னால் ஒரு சின்னத் தேர் ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது.

"நம்ம அம்மனுக்கு முன்னாடி போறதுக்கு அது யாரு?" என்றது வடம், சக்கரத்துக்கு அடியில் அண்டக்கொடுத்துக் கிடந்த முட்டுக்கட்டையிடம்.

"அது பிள்ளையாருப்பா. அவ பெத்த பிள்ளை. வருஷா வருஷம் அவன்தானே முதல்ல போவான்? கொஞ்சம் பொறு" என்றது கட்டை.

"பொறுக்கவா? ஊரே பார்க்குது. அவளை இழுக்கிறவன் நான். அவ பின்னாடி போனா என் மானம் என்ன ஆகிறது?"

"அவ ஒண்ணும் சொல்லலையே!"

"அவ சொல்ல மாட்டா. அதான் நான் பேசறேன். சாமி போற பாதையில குறுக்கே கிடக்கிறியே, நீதான் முதல் துரோகி!"

வடம் ஒரே வீச்சில் கட்டையைச் சாக்கடையில் தள்ளிவிட்டு இழுத்தது. தேர் உருண்டது. வேகம் கூடியதும் வடத்துக்கே பயம் வந்துவிட்டது. அதற்கு இழுக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது.

சின்னத் தேர் நொறுங்கிய சத்தம் நாலு வீதிக்கும் கேட்டது. மரச் சிதறலுக்கு நடுவே பிள்ளையார் தும்பிக்கை ஒடிந்து கிடந்தார்.

சக்கரத்தில் சிக்கிப் பாதி அறுந்த பிறகும் வடம் கத்தியது: "அம்மா, பாரு! இப்ப உனக்கு முன்னாடி யாருமே இல்லை!"

அம்மன் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.