மெம்பர் கேட்ட சேனை

“மூணு பத்தி போட்டிருக்கான், ராஜப்பா! படமும் உண்டு!”

கனகதாஸ் பத்திரிகையை மடித்து, திருச்சபைச் செயலாளர் ராஜப்பனின் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

“யாருக்க படம்?”

“பின்னே யாருக்க? நம்ம மெம்பர் யேசுவடியானுக்க. சட்டசபையில முழங்கியிருக்கான். அரிசி வண்டிய மறிச்சு சோதனை போடுத சௌக்கையை எல்லாம் எடுத்துக் களையணுமாம். விக்குதவனும் வாங்குதவனும் பேசி முடிக்கட்டும், நடுவுல சர்க்காருக்கு என்ன சோலின்னு கேட்டிருக்கான்.”

“நல்ல காரியம்தானே ஓய்?”

“மீதியையும் கேளும். தென்னாப்பிரிக்காவுல நம்ம ஆளுவ இன்ன தெருவுலதான் குடியிருக்கணும்னு சட்டம் போட்டது அநியாயமாம். சிலோன் தோட்டத் தொழிலாளிக்க ஓட்டுரிமையைப் பறிச்சது அதைவிட அநியாயமாம். மனுசனுக்க சுதந்திரத்துக்கு எல்லை கிடையாதாம்.”

கனகதாஸ் பத்திரிகையைக் கக்கத்தில் செருகினார்.

“தென்னாப்பிரிக்கா வரைக்கும் தெரியுத கண்ணுக்கு, இஞ்ச கிடக்குத நெய்யாற்றின்கரை ஜெயில் தெரியல்ல!”

ராஜப்பன் தேவாலய வாசலைப் பார்த்தார். ஆனந்தபாய் ஒரு சேனைக்கிழங்கைத் துணியில் பொதிந்துகொண்டு வந்துகொண்டிருந்தார். அவருடைய ஒரே மகன் பொன்னுதாஸ் ஜெயிலுக்குப் போய்ப் பதினாறு நாள் ஆகிறது. மலையாள ராஜ்யத்தில் இருக்கும் தமிழ்ப் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று தடையை மீறி ஊர்வலம் போனான். அபராதம் போட்டார்கள். கட்ட வழியில்லை. உள்ளே இருக்கிறான்.

அந்த ஊர்வலத்தை நடத்திய போராட்டக் கமிட்டிக்குக் கனகதாஸ்தான் தலைவர். போன தேர்தலில் யேசுவடியானிடம் தோற்றவரும் அவர்தான். இருவரும் நாலாம் கிளாஸில் ஒரே பெஞ்சு. யேசுவடியானின் பெயரை அச்சில் பார்த்த அன்றைக்குக் கனகதாஸுக்குக் கஞ்சி இறங்காது.

“மெம்பர் அபராதத்தைத் தான் கட்டுதேன்னு அந்த வீட்டுக்குப் போனாராமே?” என்றார் ராஜப்பன்.

“போனான். எல்லைக்கோடு எங்க போட்டாலும் எனக்கு ஒண்ணுதான், வண்டி தடையில்லாம போனா போரும்னு செல்லுதவன் அவன். அவனுக்க காசைத் தொட்டா பெத்த மகனைக் காட்டிக் குடுக்குத மாதிரியாக்கும்னு அந்த அம்மைகிட்ட செல்லிப்போட்டேன். அவங்களும் காசைத் திருப்பிக் குடுத்திட்டாங்க.”

“பின்னே யாரு கட்டுவா?”

“கமிட்டி பாத்துக்கிடும்னு வாக்கு குடுத்திருக்கேன்.”

“எப்பம் பாக்கும்?”

“பாக்கலாம் ஓய். மணி அடிக்குது, வாரும்.”

அன்று அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த விளைச்சலையெல்லாம் முற்றத்தில் வைத்து ராஜப்பன் ஏலம் போட்டார். ஒரு ஏத்தன் வாழைக்குலை மூன்று ரூபாய்க்குப் போனது. பூவன்கோழி இரண்டே காலுக்கு.

“அடுத்தது, ஆனந்தபாய் அம்மை படைச்ச சேனை! எட்டணா!”

“ஒரு ரூபா.”

பின்னாலிருந்து வந்தது மெம்பரின் குரல். சந்தையில் பத்தணா பெறாத சேனை. கூட்டம் திரும்பிப் பார்த்தது.

“ஏழைக்க காணிக்கைக்கு மெம்பரு குடுக்குத மதிப்பைப் பாத்தியா!” என்றாள் ஒருத்தி.

அது கனகதாஸின் காதில் எறும்பாகப் புகுந்தது.

“ரெண்டு!” என்றார்.

“மூணு.”

“அஞ்சு!”

“எட்டு.”

“பத்து! மெம்பரே, இது சட்டசபை இல்ல. இஞ்ச வாய் மட்டும் போராது, காசும் வேணும்!”

கூட்டம் சிரித்தது. யேசுவடியானும் சிரித்தார்.

“சந்தைன்னா அதுதானே ஓய்? வேணும்னவன் கேக்கட்டு. பதினஞ்சு.”

சிரிப்பு நின்றது. கனகதாஸ் ஒரு அடி முன்னால் வந்தார். பத்திரிகையில் அவன், படத்தில் அவன், இப்போது ஒரு சேனைக்கிழங்கிலுமா அவன்?

“இருவது!”

“இருபத்திநாலு.”

“இருபத்தஞ்சு!”

யேசுவடியான் வாய் திறக்கவில்லை.

“ஒரு தரம்… ரெண்டு தரம்… மூணு தரம்!”

கனகதாஸ் நோட்டுகளை எடுத்து எல்லாரும் பார்க்க நீட்டினார். பல வருடங்களுக்குப் பிறகு ஜெயித்த முகம்.

போதகர் எழுந்தார்.

“சபையாருக்கு ஒரு அறிவிப்பு உண்டு. ஆனந்தபாய் அம்மை எந்தக் காணிக்கை கொண்டுவந்தாலும், அதுக்க ஏலப் பணம் அவங்க மகனுக்க அபராதத்துக்குன்னு நேத்தே தீர்மானிச்சிருக்கு. ஏலம் முடியுததுக்கு முன்ன செல்லப்பிடாதுன்னு, இந்த யோசனையைத் தந்தவர் கேட்டுக்கிட்டாரு.”

கைதட்டல் எழுந்தது. ஆனந்தபாய் தடுமாறி வந்து கனகதாஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“செல்லுன வாக்கைக் காப்பாத்திப்போட்டியே மக்கா! பதினாறு நாள் ஆயிட்டுதேன்னு நான் பாவி, உன்னைச் சந்தேகப்பட்டுப் போனேன்.”

கனகதாஸால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு வாசலுக்கு விரைந்தார். மெம்பர் குடையை விரித்துக்கொண்டிருந்தார்.

“எலே, இது உனக்க வேலைதானே? முன்னாலேயே என்னட்ட செல்லியிருக்கலாமே?”

“செல்லியிருந்தா நீ கேட்டிருப்பியா?”

கனகதாஸ் கேட்டிருக்க மாட்டார்தான். ஆனாலும் ஒன்று உறுத்தியது. கடைசியில் இவன் விட்டுக்கொடுத்ததால்தானா தனக்கு ஜெயம்?

“அப்போ என்னத்துக்குலே இருபத்திநாலோட நிறுத்தினே? நான் அம்பது வரைக்கும் வந்திருப்பேன்.”

யேசுவடியான் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

“அபராதம் இருபத்தஞ்சு ரூபாதானே மக்கா. இத்தனை நாளா எவ்வளவுன்னு நீ அந்த அம்மைகிட்ட கேக்கவே இல்லியா?”