கிடாயைத் தேடாத ஆடு

பாம்பனில் மீரா சாகிபின் கிடாய்க்குத் தனிப் பேர் உண்டு. அவிழ்த்துவிட்டால் போதும், எந்தப் பெட்டையும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும் என்பார் அவர். பெருமைக்குக் குறைச்சலே இல்லாத மனிதர்.

தங்கச்சிமடத்திலிருந்து கில்பர்ட் ஓட்டி வந்த ஆடு வாலை ஆட்டவில்லை.

கிடாய் சுற்றிச் சுற்றி வந்தது, முன்காலால் தட்டியது, மேலுதட்டைச் சுருட்டியது. தனக்குத் தெரிந்த வித்தையை எல்லாம் காட்டியது. ஆடு வேலியைப் பார்த்தபடி நின்றது.

போன வருஷம் இதே ஆடு கிடாய்க்குக் கத்திய கத்தலில் தெருவே தூங்கவில்லை. இப்போது ஆறு மாதமாக ஒரு சத்தமும் இல்லை.

மலடாகிவிட்டது, கறிக்குப் போட்டுவிடு என்றார்கள் ஊரில். கில்பர்ட்டுக்கு மனம் வரவில்லை. அவன் மனைவி புஷ்பமேரி தொட்டுத் தடவுகிற ஒரே உயிர் அதுதான்.

அவனை அவள் தொடுவதில்லை. அது மாத்திரை செய்கிற வேலை, அவள்மேல் குற்றம் இல்லை.

மகள் கடலில் போன பிறகு புஷ்பமேரி கரையில் நின்று பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு மாதம் கூப்பிட்டாள். மதுரையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனான்.

புதிதாக வந்திருக்கும் மாத்திரை என்று அவர் எழுதிக் கொடுத்தார். மனசு அடங்கும், ஆனால் எதிலும் ஆசை இருக்காது, புருஷன்மேலும் இருக்காது என்றார். நிறுத்தினால் எல்லாம் பழையபடி வந்துவிடும் என்றும் சொன்னார்.

அவர் சொன்னபடியே அடங்கினாள். அவர் சொன்னபடியே அவனுக்கு முதுகைக் காட்டிப் படுத்தாள்.

ஏழு மாதமாகக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மாத்திரை கசக்கும் என்று கூடவே ஒரு துண்டு கருப்பட்டியும் அவள் கையில் வைப்பான். தண்ணீர் குடிக்க அவள் ஆடு கட்டியிருக்கும் கொல்லைப் பக்கம் போவாள்.

இன்னும் ஒரு குப்பிதான், பிறகு நிறுத்திவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வருகிற வழியில் வாங்கிய அந்தக் கடைசிக் குப்பி கில்பர்ட்டின் மடியில் இருந்தது. அது தீர்ந்ததும் புஷ்பம் தன் பக்கம் திரும்பிப் படுப்பாள் என்று நினைக்கையில் அவனுக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

கயிற்றை இழுத்துக் கட்டக் குனிந்தான். மடியில் மாத்திரைகள் குலுங்கின.

ஆடு தலையைத் தூக்கியது.

கிடாயை விலக்கிக்கொண்டு நேரே அவனிடம் வந்து இடுப்பை முகர்ந்தது.

என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். நாக்கை நீட்டி எடுத்துக்கொண்டது. கசப்புக்குத் தலையைக்கூட உதறவில்லை. விழுங்கிவிட்டு, அவனுடைய இன்னொரு கையைத் தேடி நக்கியது. அங்கே கருப்பட்டி இல்லை. இருந்தும் நக்கிக்கொண்டே நின்றது.

மீரா சாகிபு ஆட்டின் தொங்கிய இமையை விரலால் தூக்கிப் பார்த்தார். மூக்கு ஒழுகுவதைப் பார்த்தார்.

“எத்தன நாளா தம்பி இதக் குடுக்குறீய?”

“நான் குடுக்கல, பாய்.”

சொல்லிவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

ஏழு மாதம். புஷ்பம் ஒரு மாத்திரைகூட விழுங்கியிருக்கவில்லை. அவள் வாயை மூடியது அவளாக மூடியது. அவள் திரும்பிப் படுத்ததும் அவளாகத்தான்.

காற்று சரியில்லை, பிள்ளையை வள்ளத்தில் ஏற்றாதீர்கள் என்று அன்றைக்கு அவள் படித்துப் படித்துச் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே மகளைத் தூக்கி ஏற்றினான். அதைப் பற்றி இன்றுவரை அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதுவும் மாத்திரையால்தான் என்று நினைத்திருந்தான்.

இனிமேல் கொடுக்காமல் இருந்தால் போதும், ஒரு மாதத்தில் தானாகக் கிடாயைத் தேடும் என்றார் மீரா சாகிபு.

கில்பர்ட் வாய்விட்டு அழுதான்.

ஓர் ஆட்டுக்காக இப்படி அழுகிறானே என்று அவருக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தார்.