ஆளுக்கொரு டம்ளர்

இரண்டாவது டம்ளரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்.

எதிரே உட்கார்ந்து நானும் குடித்தேன். அவருக்குப் பேதி மருந்து. எனக்கு வெறும் தண்ணீர்.

நான் ஒரு டம்ளர் குடித்தால்தான் அவரும் குடிப்பார். அப்படித்தான் பேச்சு.

அதற்கு முந்தைய மாதம் முழுக்க ஆஸ்பத்திரி. இதய வால்வில் கிருமி தொற்றியிருந்தது. நரம்பு வழியே மருந்து ஏற்றி ஏற்றிக் காய்ச்சலை விரட்டினார்கள். வீட்டுக்கு வந்துவிட்டார். சோறு இறங்கியது. கண்ணாடி முன் நின்று மீசையைக் கத்தரித்துக்கொண்டார்.

செல்வராணி டாக்டர் மட்டும் விடவில்லை. ரத்தத்தில் கிடைத்த அந்தக் கிருமி குடலில் இருக்க வேண்டியது. இதயம் வரை வந்திருக்கிறதென்றால் குடலுக்குள் எங்கோ ஒரு கட்டி வலியே காட்டாமல் இருக்கலாம். குடலைச் சுத்தமாக்கி, டியூப் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும் என்றார்.

"கீழ்வீட்டுக்காரன் மாடி ஏறி வந்தான். அவனை விரட்டியாச்சு. இனி அவன் வீட்டுக்குள்ள போய் என்னத்தப் பாக்கப் போறீங்க, டாக்டரம்மா?"

அவர் இப்படிக் கேட்டதும் டாக்டர் சிரித்துவிட்டார். தேதியை மாற்றவில்லை.

மூன்றாவது டம்ளரில் மருந்து வேலையைக் காட்டியது. இடுப்புச் சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி கக்கூஸுக்கு ஓடினார். நான் சிரித்த சிரிப்பில் தண்ணீர் மூக்கில் ஏறியது.

உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஏட்டி, வெளிய நிக்கியா?"

கல்யாணமான புதிதில் பாளையங்கோட்டையில் பல குடித்தனங்கள் சேர்ந்திருந்த ஒரு வளவு வீட்டில் இருந்தோம். அங்கே கக்கூஸ் கதவுக்குக் கொண்டி கிடையாது. ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியே காவல் நிற்க வேண்டும்.

முகம் பார்த்தால் இருவருக்கும் கூச்சம். நடுவில் கதவு இருந்தால் பேச்சு வந்தது.

அவருக்குப் பல்லி என்றால் பயம் என்பதும், படிக்கிற காலத்தில் ஒருத்தியை மனதுக்குள் வைத்திருந்தார் என்பதும் அப்படித் தெரிந்துகொண்டவைதான்.

"நிக்கேன்."

பேசத் தொடங்கினார். வளவில் குடியிருந்தவர்களை வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தார். கோடி வீட்டு ஆவுடையம்மாள் நாங்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டு, நடுவில் கருத்துச் சொன்னதைச் சொல்லிச் சிரித்தார். இடையிடையே திட்டும் விழுந்தது. எனக்கு, டாக்டருக்கு, அந்த மருந்தில் எலுமிச்சை வாசனை சேர்த்தவனுக்கு.

வீடு இருட்டிவிட்டது. விளக்கைப் போட எனக்குத் தோன்றவில்லை.

அவர் போன பிறகு, அவரை நினைத்தாலே முதலில் வந்து நிற்பது அந்தச் சாயங்காலம்தான்.

மறுநாள் காலை சோதனை முடிந்தது. மயக்க மருந்து தெளியாமல், வாய் லேசாகத் திறந்தபடி படுத்திருந்தார்.

செல்வராணி டாக்டர் வந்தார். எப்போதும் நின்றபடியே பேசுகிறவர். அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இருவரையும் வைத்தே சொல்லிவிடுகிறேன், அவரை எழுப்பட்டுமா என்று கேட்டார்.

"கொஞ்ச நேரம் தூங்கட்டும், டாக்டர்."