எதிரே நின்ற கப்பல்

"கொன்னுட்டாங்கம்மா! ராத்திரியோட ராத்திரியா எல்லாத்தையும் கொன்னுட்டாங்க!"

செம்பவாங் கரைக்கு அப்பால், தன் மிதக்கும் மீன் பண்ணையின் பலகைமேல் மண்டியிட்டிருந்தார் சுந்தரம். வலைக்குள் கொடுவா மீன்கள் பாதிக்கு மேல் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. எதிரே அந்தப் புதுக் கப்பல் ஒன்றுமே நடக்காததுபோல நின்றது. கரிப்புகை விடாதாம், பூமியைச் சூடேற்றாதாம், அம்மோனியாவில் ஓடுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

"நேத்து சாயங்காலம் எரிபொருள் ஏத்துனாங்க. காலையில இப்படி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

அவர் கூப்பிட்டு வந்திருந்த ஆய்வாளர் நிவேதிதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் விடவில்லை.

"நீங்கதானேம்மா போன மாசம் பண்ணைக்காரங்க கூட்டத்துல சொன்னீங்க, அம்மோனியா கசிஞ்சா மீன் தாங்காதுன்னு!"

சொன்னவள் அவள்தான். புது எரிபொருளால் கடலுக்கு என்ன கேடு வரும் என்று ஆராய்வதுதான் அவள் வேலை. அந்தக் கூட்டத்தோடு சுந்தரத்துக்குத் தூக்கம் போயிற்று. கப்பல்பட்டறை வேலையை விட்டுவிட்டு, மனைவி பூவம்மா தலையில் அடித்துக்கொண்டதையும் கேட்காமல் இறங்கிய தொழில் இது. அடுத்த வாரம் தேக்கா சந்தைக்குப் போக வேண்டிய மீன். இதுவும் போனால் பண்ணையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"நான் என்ன சும்மாவா இருந்தேன்? முந்தாநாள் கப்பல் வந்ததுமே எல்லா மீனையும் இந்த ஒரே வலைக்கு மாத்தினேன். அடியோட சேர்த்து வலையைச் சுத்தி கேன்வாஸ் கட்டினேன். காத்து மெஷினும் ஓடுது. முன்னே எண்ணெய் கசிஞ்சப்ப அரை நாள் இப்படிக் கட்டித்தான் தப்பிச்சோம். ஒரு சொட்டு வெளித்தண்ணி உள்ள வராது லா. அப்படியும் வந்துடுச்சே!"

சொல்லிக்கொண்டே கேன்வாஸ் கயிற்றை இன்னும் இறுக்கினார்.

நிவேதிதா வலைக்குள்ளிருந்து ஒரு சோதனைக்குழாயில் தண்ணீர் எடுத்து, அம்மோனியா இருந்தால் பச்சையாகும் மருந்துத் துளிகளை விட்டாள். தண்ணீர் கரும்பச்சையாக மாறியது.

"அம்மோனியாதானே?"

"ஆமா அங்கிள். ரொம்ப அதிகம்."

சுந்தரம் வாய்விட்டு அழுதார். "கப்பல்தான் காரணம்னு எழுதிக் கொடுங்கம்மா! மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்த ஒரு வழி சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

அவள் கப்பல் இருந்த பக்கம் போய், கேன்வாஸுக்கு வெளியே குனிந்து இன்னொரு குழாயில் கடல்நீரை எடுத்தாள். துளிகள் விழுந்தன. பச்சை வரவே இல்லை.

"அங்கிள், நேத்து நான் அந்தக் கப்பல்லதான் இருந்தேன். எரிபொருள் குழாய் கசியுதான்னு சோதனை மட்டும்தான் நடந்துச்சு. ஏத்துனது வெறும் தண்ணி."

சுந்தரத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்போ உள்ள இருக்கிற அம்மோனியா? அது எங்கேருந்து வந்துச்சு?"

"மீனோட கழிவுலேருந்து. போக வழியில்லாம உள்ளேயே தேங்கிடுச்சு."

அவர் கை இன்னும் கயிற்றைப் பிடித்தபடியே இருந்தது. நிவேதிதா அந்தக் கையைத் தொட்டாள்.

"கேன்வாஸை அவுத்து விடுங்க அங்கிள், மிச்சமாவது பிழைக்கட்டும்."