கடைசியாக வந்த பெரிய படகு

"இது பச்சை அயோக்கியத்தனம் மேடம். வேற வார்த்தை எனக்குத் தெரியல."

கணக்கு வாத்தியார் தன் நோட்டைப் பாய்மரப் படகு கிளப்பின் மேசையில் பொத்தென்று போட்டார். செயலாளர் அம்மா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கமிட்டியின் மற்ற இரண்டு பேரும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

எதிர் நாற்காலியில் அச்சகக்காரர், மை போகாத விரல்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குற்றம் அவர் மேல்தான்.

"போன வருஷம் வரைக்கும் இவர் ஓட்டினது இருபத்திரண்டு அடிப் படகு. எந்தப் பந்தயமா இருந்தாலும் முதல் மூணு இடத்துக்குள்ள வந்துடுவார். இந்த வருஷம் இருபத்தேழு அடிக்கு மாறினார். உள்ள ரெண்டு படுக்கை, ஒரு அடுப்பு. லீவுல குடும்பத்தோட நாலு நாள் கடல்ல சுத்தலாம், ஞாயித்துக்கிழமை பந்தயமும் விடலாம்னார். நல்லது, சந்தோஷம். பெரிய படகு வேகமா போகணுமா, இல்லையா?"

"போகணும்," என்றார் செயலாளர்.

"எட்டு வாரமா கடைசி."

கிளப்பில் ஒரு ஏற்பாடு உண்டு. பெரிய படகு எப்படியும் முந்திவிடும் என்பதால், அது எடுத்துக்கொண்ட நேரத்தோடு பத்து நிமிடத்தைக் கூட்டித்தான் கணக்குப் பார்ப்பார்கள். பாவம், தொடர்ந்து பின்தங்குகிறது என்றால் அந்தப் பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். அச்சகக்காரருக்கு அது இப்போது இரண்டு நிமிடத்தில் வந்து நின்றது. அடுத்த மாதம் வருஷக் கோப்பைக்கான பந்தயம். அன்றைக்கு மட்டும் பாயை ஒழுங்காக இழுத்துக் கட்டினால் கோப்பை அவர் வீட்டு அலமாரிக்குப் போய்விடும்.

இருபது வருடமாக அந்தக் கோப்பைக்காகத் தண்ணீரில் கிடக்கிறவர் வாத்தியார். கிளப்பிலேயே சின்னப் படகு, தன்னந்தனியாக ஓட்டுகிறார். அவருக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"புதுப் படகாச்சே சார்," என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். "கை பழக வேண்டாமா?"

"கை பழகலையா? எல்லைக் கோட்டுக்கு நூறு அடி முன்னால பாயைத் தளர்த்தி விட்டுட்டு, உள்ள போய் டீ போட்டுக் குடிக்கிறார். நான் தாண்டிப் போற வரைக்கும் குடிக்கிறார். எனக்குக் கை வேற ஆட்டுறார்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "டீ குடிச்சீங்களா?"

"குடிச்சேன் மேடம்," என்றார் அச்சகக்காரர்.

"வேணும்னேதான் மெதுவா வந்தீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

அவர் வாத்தியாரை ஒரு தரம் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். "காரணம் இருக்கு. இங்க சொல்ல முடியாது."

"கேட்டுக்கோங்க," என்றார் வாத்தியார். "ஒப்புக்கிறதுக்கும் ஒரு துணிச்சல் வேணும்."

செயலாளருக்கு மனசு கேட்கவில்லை. "ஒண்ணு மட்டும் சொல்லணும். கடைசியா வர்றவர்தான் பந்தய வழியைக் காட்டப் போட்டிருக்கிற மூணு மிதவையையும் நங்கூரத்தோட தண்ணியிலிருந்து இழுத்து ஏத்திக் கரைக்குக் கொண்டுவரணும்ங்கிறது நம்ம வழக்கம். சேறோட ஒவ்வொண்ணும் இருபது கிலோ. எட்டு வாரமா ஒரு முணுமுணுப்பு இல்லாம இவர்தான் கொண்டுவர்றார்."

"கோப்பை கிடைக்கும்னா மலையையே இழுத்துட்டு வருவார்."

அதற்கு மேல் யாரும் பரிந்து பேசவில்லை. இந்த சீசன் முடியும்வரை அச்சகக்காரர் எந்தப் பந்தயத்திலும் கலந்துகொள்ளக் கூடாது, கோப்பைப் பந்தயம் உட்பட. தீர்ப்பை எழுதி நீட்டினார்கள். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

வாசலில் அவர் வாத்தியாரை நெருங்கி வந்தார். "சார், வர்ற ஞாயித்துக்கிழமை பந்தயத்துக்கு நீங்க வராம இருக்க முடியுமா?"

"மிரட்டுறீங்களா?"

"ஐயோ, இல்ல சார்."

"வருவேன். கண்டிப்பா வருவேன்."

வீட்டுக்குள் நுழையும்போதே வாத்தியாரின் குரல் முன்னால் போனது. மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நோட்டைப் போட்டது, டீ விஷயத்தை உடைத்தது, மனுஷன் வாயடைத்துப் போனது, வாசலில் மிரட்டியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

"எட்டு வாரமா நம்ம காதுல பூ சுத்தியிருக்கான். நான் விடுவேனா?"

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "அவரைப் போட்டியிலிருந்தே நீக்கிட்டாங்களா?"

"சீசன் பூராவும்."

"அப்போ வர்ற வாரம் கடைசியா வரப்போறது யாரு?"

வாத்தியார் மனசுக்குள் படகுகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தார். "நான்தான் வருவேன். சின்னப் படகாச்சே. அதனால என்ன?"

அவள் கையிலிருந்த துண்டைக் கட்டில்மேல் விட்டெறிந்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் எதையும் விட்டெறிந்ததில்லை.

"மகன் வீட்டுக்குப் போறதா ஊரையே நம்ப வச்சுட்டு இதயத்துல ஆபரேஷன் பண்ணிட்டு வந்தீங்க. கிளப்புக்குத் தெரிஞ்சா இனிமே படகைத் தொட விடமாட்டாங்கன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினீங்க. வாங்கினீங்களா, இல்லையா?"

"மெதுவாப் பேசு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"கனமா எதையும் இழுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதை நீங்க காதுலயே போட்டுக்கல. எனக்குப் பயமா இருந்தது. ஒரே ஒருத்தர்கிட்ட மட்டும் சத்தியத்தை மீறினேன். அப்போ அவர் புதுப் படகு வாங்கி ஒரு வாரம்கூட ஆகல. ஆசை ஆசையா அதைத் துடைச்சுக்கிட்டு நின்ன மனுஷன்கிட்ட போய் அழுதேன்."

வாத்தியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"'சார்கிட்ட எதுவும் சொல்லாதீங்கம்மா. இந்த வருஷம் பூரா கடைசியா நான் வர்றேன்'னார்."