பச்சைக்கு நீலம்

"வீட்டு நிறத்தை மாத்தக் கூடாதுன்னு தெரிஞ்சும் வந்து கேக்கிறியே, டிரீகா. விதியை எழுதினதே நான். நானே மீறினா நல்லாவா இருக்கும்?"

டீல்மன் அந்தக் கடலோரக் குடியிருப்பின் சங்கத் தலைவர். நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றவர். கோணல் எதுவாயினும் அவருக்கு ஆகாது. ஒரு பக்கம் நமீபியப் பாலைவனம், மறுபக்கம் அட்லாண்டிக், நடுவே மணலில் இறைத்துவிட்டாற்போல் விடுமுறை வீடுகள். வேலி இல்லை, தெரு இல்லை, கதவெண் இல்லை. டிசம்பரில் நிரம்பும் ஊர், ஜனவரி முடிவதற்குள் காலியாகிவிடும். ஆண்டு முழுதும் தங்கிவிட்ட சிலருள் டீல்மனும் அடுத்த வீட்டு டிரீகாவும் அடக்கம்.

கடலிலிருந்து மூடுபனி ஏறிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. தூண்டிலோடு போனவர்கள் கரையை ஒட்டி நடந்துவந்து, சுவரின் நிறத்தைக் கிட்டத்தில் பார்த்துத்தான் தத்தம் வீட்டுக்குள் நுழைவார்கள். விதி வந்த காரணம் அதுதான்.

"பச்சையைப் பார்த்தாலே ஃபானஸ் ஞாபகம் வருது, மாமா. அவர் அடிச்ச பெயிண்ட். இந்த வீட்டை விட்டா எனக்குப் போக்கிடமும் கிடையாது. பச்சை போனாத்தான் நிம்மதியா இருக்க முடியும்."

கப்பல் வேலைக்குப் போன அவள் கணவன் ஃபானஸ் எங்கோ ஒரு துறைமுகத்தில் காய்ச்சலில் இறந்த செய்தியையும், தகர டப்பாவில் அவனுடைய அஸ்தியையும் டிரீகாதான் ஊருக்குக் கொண்டுவந்தாள். அவள் கேட்டுக்கொண்டதால், பிரார்த்தனை சொல்லி அஸ்தியைக் கடலில் கரைத்தவர் டீல்மன். அதில் கறுப்பாகச் சில துண்டுகள் மூழ்காமல் வெகுநேரம் அலையில் மிதந்ததை அவர் கவனித்தார். துக்க வீட்டில் அதையெல்லாம் கேட்பது முறையன்று என்பதால் கேட்கவில்லை.

"போன வாரம் கதவுக்குத் தாழ்ப்பாள் வேற போட்டிருக்கே," என்றார் குறையாக. "இந்த ஊர்ல யார் வீட்ல தாழ்ப்பாள் இருக்கு? நரி உள்ளே வந்து காப்பி கேக்கும்னு பயமா?"

"நரின்னா காப்பி குடுத்து அனுப்பிடலாமே, மாமா."

சொல்லிவிட்டு டிரீகா இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். என்றோ முறிந்து கோணலாகக் கூடிய எலும்பு அது. பனி இறங்கினால் வலிக்கும். வீட்டுப் படியில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கோணலையும் டீல்மனால் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து ஜன்னலருகே போய்த் தம் விதியை ஒவ்வொரு சொல்லாக மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார்.

"ஒண்ணு செய்யலாம். எழுத்துப்படி பார்த்தா, நிறம் ஊரை விட்டுப் போகக் கூடாதுன்னுதான் விதி. அடுத்த சுவருக்குப் போகக் கூடாதுன்னு இல்லை. என் நீலத்தை நீ எடுத்துக்கோ. உன் பச்சையை எனக்குக் குடு."

டிரீகாவின் முகம் தெளியவில்லை. "உங்களுக்கு வேணாம் மாமா. வேற யாருக்காவது குடுங்க."

"வேற யார் இப்ப ஊர்ல இருக்கா? எனக்கென்ன, பச்சை கடிக்கவா போகுது?"

அவள் மேலும் மறுத்தாள். எல்லாம் தமக்குச் சிரமம் தரக் கூடாது என்னும் பணிவு என்றே டீல்மன் எடுத்துக்கொண்டார். இரண்டு வீடுகளும் ஒரே கொத்தனார் ஒரே அளவில் கட்டியவை. ஆகவே பெயிண்ட் கணக்கிலும் சிக்கல் எழவில்லை. வெயில் அடித்த நாள்களில் இருவருமாகச் சுவர்களை முடித்தார்கள். கடைசிச் சுவர் நீலமானதும் டிரீகா தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். டீல்மன் மரியாதையாக வேறு பக்கம் திரும்பி நின்றார்.

பனிக்காலம் பிறந்தது. ஒரு மதியம் மூடுபனி ஜன்னல் கண்ணாடிவரை வந்து, அடுத்த வீட்டு டிரீகாவின் நீலச் சுவரை மறைத்து நின்றது. டீல்மன் மேசையில் தூண்டில் முட்களைப் பெரிதும் சிறிதுமாகப் பிரித்துக்கொண்டிருந்தபோது, தட்டும் ஓசையின்றிக் கதவு திறந்தது.

ஈர பூட்ஸுடன் ஒருவன் உள்ளே வந்தான். திரும்பிப் பாராமலே தொப்பியைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கியில் சரியாக மாட்டினான். பையைத் தரையில் போட்டான்.

"டிரீகா, காப்பி போடு."

பழக்கமான குரல். டீல்மன் நிமிர்ந்தார். முடி நரைத்திருந்தது, முகம் ஊதியிருந்தது; ஆனால் ஃபானஸ்தான், சந்தேகமில்லை.

விறகுச் சாம்பலில்தான் கரித்துண்டு மிதக்கும் என்பது டீல்மனுக்கு அப்போது நினைவுக்கு வந்தது. மணல் மட்டத்திலேயே தரை போட்ட அந்த இரண்டு வீடுகளிலும் படியென்று ஒன்று கிடையவே கிடையாது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அளந்து பிழைத்த மனிதர். இத்தனை நாளும் இதை அளக்காமல் விட்டிருக்கிறார்.

"நீங்க என்ன என் வீட்ல உட்கார்ந்திருக்கீங்க?" ஃபானஸின் கை முஷ்டியாக மடங்கியது. "அவ எங்கே?"

டீல்மன் கையிலிருந்த முள்ளை அதற்குரிய குவியலில் வைத்தார். வாழ்நாளில் ஒரு விதியையும் மீறாத அந்த மனிதர், எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டார்.

"இப்ப இது என் வீடு, ஃபானஸ். டிரீகா போய்ச் சேர்ந்துட்டா. அஸ்தியை நான்தான் என் கையால கடல்ல கரைச்சேன்."